கழட்டி எடுத்த பல்பு

எங்க இயக்கத்துக்கு ஒரு கார் இருக்கிறது. 1994-ஆம் வருஷத்து அம்பாசடர். பெட்ரோல் வண்டி, இசுசு என்ஜின். எங்க ஆளு, ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருத்தர், கண்ணு மங்கி ஓட்ட முடியாமப் போனதும் 'ஊர் ஊராப் போறவங்க நீங்கதான், வச்சிக்குங்க' என்று 2016-இல் சாவியைக் கையில் கொடுத்தார். அவருக்கு முன்னால் டிராவல்ஸ் வைத்திருந்த ஒருத்தரிடம் ஓடிய வண்டி அது. அம்பாசடர் தயாரிப்பே 2014-இல் நின்றுபோனது. 15 வருஷம் தாண்டின வண்டி என்பதால் 5 வருஷத்துக்கு ஒருதரம் எஃப்.சி. காட்டிப் புதுப்பிக்கணும். ஒவ்வொரு தரமும் 'இதைத் தள்ளிட்டு வேற வாங்கலாமே' என்று யாராவது சொல்லுவாங்க. வேற வாங்கக் காசு எங்கே இருக்கு என்பதை மட்டும் சொல்ல மாட்டாங்க.

நம்ம பத்திரிகையில் காரின் வயரிங்கைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று கேட்கலாம். எங்க ஆயா காலத்தில் கார் சத்தம் கேட்டால் பண்ணைக்காரர் வருகிறார் என்று அர்த்தம். ரோட்டை விட்டுப் பள்ளத்தில் இறங்கி நிக்கணும். ஆம்பிளைங்க தலைத்துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கணும். புழுதி அடங்கின பிறகுதான் மேலே ஏறணும். அந்த ஆயாவின் பேத்தி நான் இன்றைக்கு ஸ்டியரிங் பிடித்துக்கொண்டு அதே மண்ரோட்டில் போகிறேன். போவது விசாரணைக்கு. எங்கே யாரை அடித்தார்கள், எந்தக் குளத்தில் இறங்க விடவில்லை, எந்தச் சுடுகாட்டுப் பாதையை அடைத்தார்கள் என்று கேட்டு எழுதிக்கொண்டு வருவதற்கு.

விசாரிக்கப் போகிறவனுக்கு வண்டி என்ன பாடுபடுத்தும் என்பது நமக்குப் பழைய கதை. 1929-இல், தீண்டப்படாத மக்களின் குறைகளை விசாரிக்கப் பம்பாய் அரசாங்கம் போட்ட ஒரு குழு வேலை செய்துகொண்டிருந்தது. அதில் அம்பேத்கர் உறுப்பினர். அந்த வேலையாகப் போனவர் சாலிஸ்கான் ரயில் நிலையத்தில் இறங்குகிறார். அவரை ஏற்றி ஓட்ட எந்தக் குதிரைவண்டிக்காரனும் தயாராக இல்லை. வண்டியை வாடகைக்குக் கொடுப்பார்களாம், ஓட்ட மாட்டார்களாம். வண்டி ஓட்டிப் பழக்கமே இல்லாத மகர் ஒருத்தர் கடிவாளத்தைப் பிடித்தார். ஒரு சின்னப் பாலத்தில் விபத்தாகி, அம்பேத்கர் கல்தரையில் தூக்கி எறியப்பட்டு, கால் எலும்பு முறிந்தது. தன் வாழ்க்கைக் குறிப்புகளில் அவரே இதை எழுதியிருக்கிறார். வண்டி யாருது, யார் ஓட்டுறது, நடுவழியில் நின்னா யார் பழுது பார்க்கிறது என்பதெல்லாம் நமக்குச் சின்ன விஷயம் இல்லை.

எங்க வண்டிக்கு வந்தது நின்று பேசாத நோய். ஒரு நாள் காலையில் சாவியைத் திருப்பினால் 'டக்'கென்று ஒரு சத்தம், அவ்வளவுதான், செல்ஃப் இழுக்காது. பத்து நிமிஷம் கழித்துத் திருப்பினால் எதுவுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகும். ராத்திரியில் ஹெட்லைட் போட்டால் டெம்பரேச்சர் முள் மேலே ஏறும். லைட்டை நிறுத்தினால் இறங்கும். என்ஜின் சூடு லைட்டைப் போட்டதும் ஏறி, நிறுத்தினதும் இறங்குமா? இடது பக்கம் திரும்பும்போது மட்டும் எப்பவாவது ஒரு ப்யூஸ் போகும். ஆயில் விளக்கு டவுன் நெரிசலில் நிற்கும்போது கண் சிமிட்டும். இதில் எதுவும் தினமும் நடக்காது. யாரிடமாவது காட்டக் கொண்டுபோகிற நாளில் நிச்சயம் நடக்காது.

2018 ஐப்பசியில் ஒரு ராத்திரி. தென்பெண்ணைக் கரையை ஒட்டின ஒரு காலனியில் 19 வயசுப் பையனை அடித்துப் போட்டிருந்தார்கள். ஊர்த்தெரு வழியாப் பைக்கில் ஹாரன் அடிச்சிக்கிட்டுப் போனானாம். பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றில் காதுக்குப் பின்னால் தையல் போட்டு 'சின்னக் காயந்தான், வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க' என்று அனுப்பிவிட்டார்கள். பையன் இரண்டு தரம் வாந்தி எடுத்தான். தலையில் அடிபட்டவன் வாந்தி எடுத்தால் வீட்டில் வைத்திருக்கக் கூடாது என்பது எங்களுக்குத் தெரியும். அவனைப் பின்சீட்டில் படுக்க வைத்து, அவன் அம்மா மடியில் தலையைத் தாங்கிக்கொள்ள, இரண்டு தோழர்களோடு மாவட்ட ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டோம்.

மழை. ரோடு முழுக்கப் பள்ளம். அவன் தலை ஆடக்கூடாதென்று மெதுவாகத்தான் ஓட்ட முடிந்தது. ஹெட்லைட், வைப்பர் இரண்டும் ஓடிக்கொண்டிருந்தன. முக்கால் மணி நேரம் கழித்து ஹெட்லைட் வெளிச்சம் மஞ்சளாக ஆரம்பித்தது. வைப்பர் நடுக் கண்ணாடியில் தயங்கித் தயங்கிப் போனது. என்ஜின் இருமியது, நின்றுவிட்டது. நின்றுபோகிற வரைக்கும் டாஷ்போர்டில் ஒரு சிவப்பு விளக்கும் எரியவில்லை.

நின்ற இடத்துக்கு முன்னால் அரைக் கிலோமீட்டரில் ஓர் ஊர். விளக்கு தெரிந்தது, ஆட்கள் நடமாட்டம் தெரிந்தது. ஆனால் அது அடித்தவர்கள் பெண் எடுத்த ஊர் என்று பையனின் அம்மா சொன்னாள். 'அங்க மட்டும் வேணாம்மா' என்றாள். வேறு யாராக இருந்தாலும் முதல் வீட்டுக் கதவைத் தட்டியிருப்பார்கள். நாங்கள் தாண்டி வந்த காலனி பின்னால் ஒன்றரைக் கிலோமீட்டர். செல்போனில் சிக்னல் இல்லை. ஒரு டன்னுக்கு மேல் எடையுள்ள வண்டியை, உள்ளே பையனோடு, அந்த அம்மாவும் சேர்ந்து நாலு பேர் மழையில் பின்னால் தள்ளிக்கொண்டு போனோம். காலனியில் டாடா ஏஸ் வைத்திருந்த ஒரு பையன், சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டை அப்படியே வைத்துவிட்டு வந்தான். ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தபோது மண்டைக்குள் ரத்தம் கசிந்திருந்தது தெரிந்தது. பையன் பிழைத்தான்.

அடுத்த வாரம் டவுனில் பேர்பெற்ற ஒர்க்ஷாப்புக்கு வண்டியைக் கொண்டுபோனேன். 'டிரைவர் எங்கம்மா?' என்று கேட்டார்கள். நான்தான் என்றேன். மேலும் கீழும் பார்த்துவிட்டு பானட்டைத் திறந்து, என்ஜினை ஸ்டார்ட் பண்ணி, ஆக்சிலேட்டரைத் தூக்கிப் பிடித்து, பேட்டரியில் மீட்டரை வைத்தார்கள். 14 வோல்ட் காட்டியது. 'சார்ஜ் சூப்பரா ஏறுது. வண்டியில ஒண்ணும் இல்ல. நீங்கதான் லைட்டை ஆஃப் பண்ண மறந்திருப்பீங்க.' எதற்கும் இருக்கட்டும் என்று புதுப் பேட்டரி போட்டார்கள். மூன்று வாரத்தில் மறுபடியும் அதே கதை. அடுத்து டைனமோவை மாற்றினார்கள். ஆல்டர்னேட்டரை எங்க பக்கம் இன்னும் டைனமோ என்றுதான் சொல்கிறோம். அதற்குப் பிறகும் நின்றது. மூன்றாம் தரம் போனபோது பில்லிலேயே எழுதிக் கொடுத்துவிட்டார்கள்: சோதித்ததில் கோளாறு இல்லை.

அந்த வரியைப் படித்ததும் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. இதே வரியை எத்தனை காகிதத்தில் பார்த்திருக்கிறோம்! வருஷம் பூரா டீக்கடையில் நமக்குத் தனி டம்ளர். அதிகாரி விசாரிக்க வருகிற நாளில் எல்லாருக்கும் ஒரே மாதிரி டம்ளர். அவர் இரண்டு டீ குடித்துவிட்டு, இந்தக் கிராமத்தில் தீண்டாமை நிலவவில்லை என்று எழுதிவிட்டுப் போவார். அந்த 19 வயசுப் பையன் வழக்கும் அப்படித்தான் ஆனது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989-இல் வந்தது. டி.எஸ்.பி. அந்தஸ்துக்குக் குறையாத அதிகாரிதான் விசாரிக்கணும் என்று 1995 விதிகள் சொல்கின்றன. அதிகாரி வந்தார், பகல் பதினொரு மணிக்கு வந்தார், ஊர்த்தெருவில் நடந்து பார்த்தார், யாரும் யாரையும் தடுக்கவில்லை. 'மிஸ்டேக் ஆஃப் ஃபாக்ட்' என்று எழுதிக் கோப்பை மூடினார்கள்.

கடைசியில் வண்டியை எங்க பெரியப்பாவிடம் கொண்டுபோனேன். அப்பாவுக்குப் பங்காளி முறை. பைபாஸ் ஓரம் புளியமரத்தடியில் தகரக் கொட்டகை போட்டு ஆட்டோ எலெக்ட்ரிக் வேலை பார்க்கிறார். முதல்லயே ஏன் அவரிடம் போகவில்லை என்றால், அந்தச் சமயம் அவருக்கு இடுப்பெலும்பு முறிந்து ஆறு மாசம் படுக்கையில் இருந்தார். எழுந்து உட்கார்ந்ததும் முதல் வேலை எங்க வண்டிதான்.

பெரியப்பா 12 வயசில் டவுனில் ஒரு ஒர்க்ஷாப்பில் கூட்டிப்பெருக்கப் போனவர். 1970-களின் கதை. தண்ணிக்குத் தனிக் குவளை. டூல்ஸ் கழுவலாம், மீட்டரைத் தொடக்கூடாது. 'மீட்டரு கண்ணாடி பீரோவுல இருக்கும் பாப்பா. சாமிய வச்ச மாரி பூட்டி வச்சிருப்பான். நான் என்னா பண்ணுவேன்? குப்பையில கெடந்த இண்டிகேட்டர் பல்பு ஒண்ண எடுத்து ரெண்டு வயர் சுத்திக்கினேன். அதான் எனக்கு மீட்டரு.' இப்போது சொந்தக் காசில் வாங்கின டிஜிட்டல் மீட்டரும் அவரிடம் இருக்கிறது. ஆனாலும் கை முதலில் அந்தப் பல்புக்குத்தான் போகிறது.

அவர் பானட்டைத் திறக்கவே இல்லை. ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து என்னைக் கேள்வி கேட்க ஆரம்பித்தார்.

'எப்ப நிக்குது?'

'திடீர்னு நிக்குது பெரியப்பா.'

'திடீர்னு எதுவும் நிக்காது. காலையிலயா, ராத்திரியா? என்ஜின் சூடா, ஆறிப்போயா? மழையா, வெயிலா? லைட்டு போட்டிருந்தியா? மேட்ல ஏறும்போதா, பள்ளத்துல உளுந்தப்பறமா? வேகமாப் போனியா, மெதுவாவா? கடைசியா எப்ப வண்டிய ஆஃப் பண்ணி எடுத்த?'

ஒவ்வொன்றுக்கும் யோசித்து யோசித்துப் பதில் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே ஒன்று தெரிந்தது. நின்றதெல்லாம் ராத்திரியில், கிராமத்து ரோட்டில், மெதுவாகப் போனபோது. பைபாஸில் வேகமாகப் போனபோது ஒருதரம்கூட நின்றதில்லை.

'விட்டு விட்டு வர்ற கோளாறுன்னு எதுவும் கெடையாது பாப்பா' என்றார் பெரியப்பா. 'கோளாறு எப்பவும் அங்கதான் இருக்கும். சூடோ, ஆட்டமோ, ஈரமோ, பாரமோ சேர்ந்தா வெளிய தெரியும். நாம அதைச் சேர்த்துக் குடுத்தாத்தான் புடிக்க முடியும். சும்மா நிக்கிற வண்டியப் பார்த்துட்டு நல்லா இருக்குன்றவன் எலெக்ட்ரீஷியன் இல்ல.'

பிறகுதான் வேலையில் இறங்கினார். நான் பக்கத்தில் நின்று டார்ச் பிடித்தேன், எழுதிக்கொண்டேன். பழைய வண்டி வைத்திருக்கிறவர்களுக்குப் பயன்படும் என்பதால் முறையாகவே சொல்கிறேன்.

முதலில் பேட்டரி. வண்டியை ராத்திரி முழுக்க நிறுத்தி வைத்துவிட்டுக் காலையில் பார்த்தால் நல்ல பேட்டரி 12.6 வோல்ட் காட்டும். 12.2 என்றால் பாதிதான் இருக்கிறது. ஓடும்போது ஏறக்குறைய 14 இருக்கணும். செல்ஃப் அடிக்கிற நேரத்தில் 10-க்குக் கீழே ரொம்ப இறங்கக்கூடாது. டெர்மினலைக் கழட்டிச் சுத்தம் பண்ணி இறுக்கின பிறகுதான் இந்தக் கணக்கெல்லாம்.

அடுத்து எர்த். பழைய வண்டியின் பாதி நோய் இதில்தான். பேட்டரியின் மைனஸ் வயர் வண்டியின் பாடிக்குப் போகிறது. என்ஜின் ரப்பர் மேல் உட்கார்ந்திருப்பதால் அதற்கும் பாடிக்கும் நடுவில் ஒரு பின்னல் பட்டை போட்டிருப்பார்கள். செல்ஃப் இழுக்கிற அத்தனை கரண்டும் திரும்பிப் போவது அந்தப் பட்டை வழியாகத்தான். பெரியப்பா மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி மைனஸிலும் இன்னொரு முனையை என்ஜின் இரும்பிலும் வைத்து என்னை செல்ஃப் அடிக்கச் சொன்னார். நல்ல எர்த்தாக இருந்தால் கால் வோல்ட்டுக்கு மேல் காட்டக்கூடாது. எங்க வண்டியில் 2 வோல்ட்டைத் தாண்டியது. 'சோக் கேபிளைத் தொட்டுப் பாரு' என்றார். சுட்டது. பட்டையில் போக வழியில்லாத கரண்டு சோக் கேபிள் வழியாப் போயிருக்கிறது.

பட்டை மேலுக்கு நன்றாகத்தான் இருந்தது. போல்ட்டைக் கழட்டினால் அடியில் பெயிண்டும் துருவும். பாதி இழை அறுந்திருந்தது. உப்புத்தாள் போட்டு இரும்பு பளபளக்கிற வரைக்கும் தேய்த்து, புதுப் பட்டை போட்டு, மேலே வாசலின் தடவினார். காலையில் 'டக்'கென்று நின்றது சரியானது. லைட் போட்டால் ஏறுகிற டெம்பரேச்சர் முள்ளும் சரியானது. ஹெட்லைட் கரண்டு பாடியிலிருந்து என்ஜினுக்குத் திரும்பப் பாதை சரியில்லாததால் மீட்டர் முள் பொய்யாக ஏறியிருக்கிறது. இரண்டு புகாருக்கும் காரணம் ஒன்றுதான். மூலத்தைப் பார்க்காதவர்கள் தனித்தனியாகச் சாமான் மாற்றுவார்கள்.

மூன்றாவது, இடது பக்கம் திரும்பினால் போகிற ப்யூஸ். ப்யூஸ் இருந்த இடத்தில் யாரோ சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளைச் சுற்றி வைத்திருந்தான். 'இது கொலை' என்றார் பெரியப்பா. ப்யூஸ் தாங்கவில்லை என்றால் எங்கேயோ வயர் பாடியில் உரசுகிறது. தாளைச் சுற்றினால் ப்யூஸுக்குப் பதிலாக வயர் எரியும், வண்டியே எரியும். ப்யூஸைக் கழட்டிவிட்டு அந்த இடத்தில் ஒரு ஹெட்லைட் பல்பைக் கோர்த்தார். ஷார்ட் இருக்கிறபோது அந்தப் பல்பு முழுசாக எரியும். இல்லாதபோது மங்கிவிடும் அல்லது அணைந்துவிடும். ப்யூஸ் மாதிரி தீர்ந்துபோகாது, வயரும் எரியாது. பிறகு ஸ்டியரிங்கைத் திருப்பச் சொல்லி வயர்க்கட்டை ஓரோர் இடமாக ஆட்டிக்கொண்டே வந்தார். ஒரு துவாரத்தின் தகர விளிம்பில் ரப்பர் வளையம் போய், வயர் தோல் உரிந்து கிடந்த இடத்தில் ஆட்டினபோது பல்பு பளிச்சென்று எரிந்தது.

வயருக்குள் ஏழெட்டு இழை இருக்கும். எல்லாம் அறுந்து ஒரே ஓர் இழை மிஞ்சியிருந்தாலும் மீட்டர் 12 வோல்ட் என்றுதான் காட்டும். மீட்டருக்குக் கரண்டு தேவையில்லை, அதனால் அந்த ஓர் இழையே போதும். பல்பைப் போட்டுப் பார்த்தால் மங்கலாக எரியும். பாரத்தைச் சுமக்கச் சொன்னால்தான் வயரின் யோக்கியதை தெரியும். மீட்டரைத் தொடாதே என்று துரத்தப்பட்ட பையன் குப்பையில் எடுத்த பல்பு, மீட்டருக்குத் தெரியாததைச் சொன்னது. இதைப் பெரியப்பா பெருமையாகச் சொல்லவில்லை. நான்தான் எழுதுகிறேன்.

டாஷ்போர்டுக்குப் பின்னால் கப்ளரைப் பிரித்தபோது உள்ளே பச்சையாகப் பூத்திருந்தது. 'களிம்பு' என்றார். அந்தச் சொல்லை நான் எம்.ஏ. தமிழ் வகுப்பில் படித்திருக்கிறேன். சைவ சித்தாந்தத்தில் உயிரை ஆணவ மலம் பற்றியிருப்பதற்குச் செம்பில் களிம்பைத்தான் உவமை சொல்வார்கள். களிம்பு வெளியிலிருந்து வந்து ஒட்டினது இல்லையாம், செம்பு தோன்றினபோதே கூட இருப்பதாம். பேராசிரியர் அதை மனம் உருகி நடத்தினார். பிறக்கும்போதே ஒட்டி வந்த அழுக்கு என்ற பேச்சைக் கேட்கும்போதெல்லாம் வகுப்பில் என் வயிறு ஒரு மாதிரி ஆகும். அந்தப் பேச்சு எங்கெங்கே போய் யார் மேல் விழுகிறது என்று எனக்குத் தெரியும். பெரியப்பாவிடம் கேட்டேன், 'செம்புன்னா களிம்பு இருந்தே தீருமா பெரியப்பா?' அவர் நிமிர்ந்து பார்த்தார். 'யார் சொன்னது? தண்ணி உள்ள போச்சு, காத்து பட்டுச்சு, ஜாயிண்ட்ட சரியா இறுக்காம உட்டான், பச்சை பூத்துச்சு. தேச்சு எடுத்துட்டு இறுக்கிக் கட்டி மூடிட்டா எதுக்கு வரப்போவுது?'

ஆயில் விளக்கு விஷயத்தில் அந்த ஒர்க்ஷாப்பில் 'சென்சார் பொய் சொல்லுது, கண்டுக்காதீங்க' என்று சொல்லியிருந்தார்கள். பெரியப்பா முதலில் ஸ்டிக்கை எடுத்து ஆயில் அளவு பார்த்தார். குறைந்திருந்தது, தண்ணி மாதிரியும் இருந்தது. ஆயிலை மாற்றி, பிரஷர் கேஜ் மாட்டிப் பார்த்து, சரியாக இருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் விட்டார். சிமிட்டல் நின்றது. 'ஆயில் வெளக்கு எரிஞ்சா மொதல்ல வண்டிய நிறுத்து. ஆயிலப் பாரு. பிரஷரப் பாரு. எல்லாம் சரியா இருந்தா அப்பறம் சென்சார சந்தேகப்படு. வெளக்கு பொய் சொல்லுதுன்னு கடைசியாத்தான் சொல்லணும்.' நம்ம ஆட்கள் புகார் கொடுத்தால் முதல் கேள்வியே பொய்ப் புகாரா என்பதாகத்தான் இருக்கிறது.

இவ்வளவும் சரியான பிறகும் அந்த ஐப்பசி ராத்திரி ஏன் வண்டி நின்றது என்பது மிச்சமிருந்தது. பெரியப்பா சாவியை ஒரு கட்டு மட்டும் திருப்பினார், ஸ்டார்ட் பண்ணவில்லை. டாஷ்போர்டைப் பார்த்தார். ஆயில் விளக்கு எரிந்தது. 'பேட்டரி வெளக்கு எங்க?' என்றார். இத்தனை வருஷத்தில் அப்படி ஒன்றை நாங்கள் யாரும் பார்த்ததில்லை. எரியாமல் இருந்தது நல்லதுக்குத்தானே என்று எல்லாரும் இருந்துவிட்டோம்.

அவர் கையை உள்ளே விட்டு ஒரு ஹோல்டரை இழுத்து வெளியே போட்டார். காலி. அதன் மேல் கறுப்பு டேப் நாலு சுற்று சுற்றியிருந்தது. 'பல்பு ப்யூஸ் போவுல பாப்பா. கழட்டியிருக்கான்.'

எப்பவோ சார்ஜ் கோளாறு வந்து அந்தச் சிவப்பு விளக்கு எரிந்திருக்கும். வாடகைக்கு ஏறினவர்கள் 'என்னாப்பா இது' என்று கேட்டிருப்பார்கள். கோளாறைப் பார்ப்பதைவிட விளக்கைக் கழட்டுவது சுலபம். கழட்டி, டேப் சுற்றி, உள்ளே தள்ளிவிட்டான்.

ஆனால் அந்தப் பல்பு எச்சரிக்கை மட்டும் செய்வதில்லை. டைனமோ தானாகக் கரண்டு கொடுக்க ஆரம்பிக்காது. அதன் உள்ளே சுற்றுகிற சுருளை முதலில் காந்தமாக்கக் கொஞ்சம் கரண்டு வெளியிலிருந்து வரணும். சாவியைத் திருப்பினதும் அந்த முதல் கரண்டு பேட்டரியிலிருந்து இந்தப் பல்பு வழியாகத்தான் டைனமோவுக்குப் போகிறது. அதனால்தான் பல்பு எரிகிறது. என்ஜின் ஓடி டைனமோ எழுந்ததும் பல்பின் இரண்டு பக்கமும் ஒரே வோல்ட் ஆகிவிடும், பல்பு அணையும். பல்பு இல்லையென்றால் முதல் கரண்டு இல்லை. இரும்பில் மிச்சமிருக்கிற துளிக் காந்தத்தை நம்பித்தான் டைனமோ எழுந்திருக்கணும். அதற்கு என்ஜின் வேகமாகச் சுற்றணும்.

எல்லாக் கணக்கும் இதில் நேரானது. டிராவல்ஸ் வண்டி பைபாஸில் பறந்தது, டைனமோ எழுந்தது. தலைமையாசிரியர் பகலில் லைட் போடாமல் ஓட்டினார், பேட்டரி தாங்கியது. ஒர்க்ஷாப்பில் ஆக்சிலேட்டரைத் தூக்கிப் பிடித்தார்கள், எழுந்தது, 14 வோல்ட், கோளாறு இல்லை. டைனமோவையே மாற்றினாலும் பல்பு இல்லாமல் அதுவும் தூங்கத்தான் செய்யும். அடிபட்ட பையனைப் படுக்க வைத்துக்கொண்டு பள்ளத்தில் ஊர்ந்து போகிற எங்களுக்கு மட்டும் அது எழுந்திருக்கவில்லை. லைட்டும் வைப்பரும் பேட்டரியைத் தின்று தீர்த்தன. அதைச் சொல்ல வேண்டிய விளக்கு அங்கே இல்லை.

பத்து ரூபாய்ப் பல்பு ஒன்றைப் போட்டார். எல்.இ.டி. போடாதே என்றார், அதில் போதுமான கரண்டு போகாது. சாவியைத் திருப்பினதும் சிவப்பாக எரிந்தது, ஸ்டார்ட் ஆனதும் அணைந்தது. அதற்குப் பிறகு எங்க வண்டி ராத்திரியில் நின்றதில்லை.

இதைப் பிறகு கூட்டத்தில் தோழர்களிடம் சொன்னேன். சேரியில் எழுந்து கேள்வி கேட்கிறவனை முதலில் ஊரைவிட்டு அனுப்பிவிடுகிறார்கள், அல்லது வழக்குப் போட்டு உள்ளே தள்ளுகிறார்கள். பிறகு இந்தக் கிராமத்தில் பிரச்சினையே இல்லை, அமைதியாக இருக்கிறது என்கிறார்கள். அவன் சத்தம் போடுகிறவன் மட்டும் இல்லை. அந்தக் காலனிக்கு முதல் கரண்டு அவன் வழியாகத்தான் போயிருக்கும். அவன் போன பிறகு அடுத்தவன் எழுந்திருக்க அதிக வேகம் வேண்டியிருக்கிறது.

அந்தப் பையன் வழக்கிலும் பெரியப்பாவின் கேள்விகளைத்தான் எடுத்துக்கொண்டு போனோம். 'உங்களை அடிக்கிறாங்களா?' என்று கேட்டால் காலனியில் யாரும் வாய் திறக்கவில்லை. எந்த நாள், எத்தனை மணி, யார் கூட, வண்டியிலா நடந்தா, ஊர்க்கூட்டம் நடந்த நாளா, போலீஸ் நின்ற நாளா என்று கேட்டபோது ஒவ்வொருத்தருக்கும் சொல்ல ஒன்று இருந்தது. ஒரு நாற்பது பக்க நோட்டை அங்கே படிக்கிற ஒரு பெண்ணிடம் கொடுத்து மூன்று மாசம் தேதி போட்டு எழுதச் சொன்னோம். பகல் பதினொரு மணிக்கு ஒருதரம்கூட எதுவும் நடக்கவில்லை. நடந்ததெல்லாம் பொழுது சாய்ந்த பிறகு, வேலை முடிந்து பையன்கள் திரும்பும்போது. அந்த நோட்டைச் சேர்த்து எதிர்ப்பு மனு போட்டோம். மறுபடி விசாரிக்க உத்தரவானது. வழக்கு இன்னும் நடக்கிறது.

பெரியப்பாவால் இப்போது குனிந்து வேலை பார்க்க முடிவதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் எங்க இரவுப்பள்ளிப் பிள்ளைகள் ஏழு பேர் புளியமரத்தடிக்குப் போகிறார்கள். அதில் மூன்று பேர் பெண்பிள்ளைகள். முதல் நாளே ஆளுக்கு ஒரு பல்பும் இரண்டு முழ வயரும் கொடுத்து டெஸ்ட் லேம்ப் கட்ட வைத்தார். மீட்டர் பலகையின் மேல் திறந்து கிடக்கிறது, யார் வேண்டுமானாலும் எடுக்கலாம்.

வண்டியை எடுக்கிறவர்கள் செய்ய வேண்டியதை அவர் சொல்லச் சொல்ல எழுதிச் சன்வைசரில் ஒட்டியிருக்கிறோம். சாவியை ஒரு கட்டு திருப்பு. எல்லா விளக்கும் எரியுதா என்று எண்ணு. ஸ்டார்ட் பண்ணு. எல்லாம் அணையுதா என்று பாரு. எரியாத விளக்கு இருந்தா வண்டிய எடுக்காத.